மிஷன் மருத்துவமனையில் மருந்துக் கவர் தயாராகும் விதம்

மிஷன் மருத்துவமனைகள் நடத்தும் கிராமக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் சன்னல் இரண்டு மூன்று மணி நேரமே திறந்திருக்கும். நூறு பேர் வரிசையில் நிற்கும் அந்த நேரத்தில் டப்பாவைத் திறந்து ஒவ்வொருவருக்கும் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தால் கடைசி ஆள் மருந்து வாங்கும்போது கடைசி பஸ் போயிருக்கும். அதனால் அடிக்கடி எழுதப்படும் மருந்துகளை முதல் நாளே எண்ணிக் கவரில் போட்டு, சீட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். நோயாளியின் கண்ணில் படாத வேலை இது. கவனம் அதிகம் தேவைப்படுவதும் இதற்குத்தான். சன்னலில் ஒரு தவறு நடந்தால் ஒரு நோயாளிக்குப் பாதிப்பு. முதல் நாள் மேசையில் நடக்கும் தவறோ ஐம்பது கவர்களில் ஏறி ஐம்பது வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரைச் சுற்றிச் சாலையோரங்களில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் கம்பவுண்டர் கலக்கும் மிக்ஸர்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் மருந்தை ஊற்றி, வேளைக்கு ஒரு பல் என்று ஓரத்தில் வெட்டிய காகிதத்தைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். இன்று மருந்துகள் தொழிற்சாலையில் இருந்து தயாராகவே வருகின்றன. மருந்தகத்துக்கு மிஞ்சியிருக்கும் வேலை கணக்கிடுவது, பாதுகாப்பது, எண்ணுவது, எழுதுவது, சரிபார்ப்பது. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி மருந்து வழங்கும் பொறுப்பு பதிவுபெற்ற மருந்தாளுநருடையது. செவிலியர் மாணவிகளும் சபையிலிருந்து உதவிக்கு வருபவர்களும் எண்ணலாம், கவரை மூடலாம். ஆனால் மருந்தாளுநர் பார்த்துக் கையெழுத்திடாத எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது.

பட்டியலும் கணக்கும்

வேலை தொடங்க வேண்டிய இடம் புறநோயாளிப் பதிவேடு. கடந்த மூன்று நான்கு கிளினிக்குகளில் எத்தனை பேர் எந்த நோய்க்காக வந்தார்கள், என்ன மருந்து எழுதப்பட்டது என்பதைப் பார்த்தால் அடுத்த கிளினிக்கின் தேவை பெரும்பாலும் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு மருந்துகள் கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு மருந்துகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் போகும்.

கணக்கு எளியது: நோயாளிகளின் எண்ணிக்கையை ஒரு நாள் மாத்திரையாலும் நாட்களாலும் பெருக்கி, கையிருப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். ஒரு கிராமத்தில் 40 பேர் ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு அம்லோடிபின் சாப்பிடுகிறார்கள், கிளினிக் வண்டி நான்கு வாரத்துக்கு ஒருமுறை போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாட்கள் 28 என்பதால் 28 மாத்திரை போதும் என்று தோன்றும். போதாது. மழையாலோ திருவிழாவாலோ வண்டி ஒரு வாரம் தவறினால் அந்த 40 பேரின் மாத்திரையும் நின்றுபோகும். 35 நாளுக்குக் கொடுப்பதே சரி. 40 பேருக்கு 1,400, கையிருப்பு 280, மொத்தம் 1,680 மாத்திரை, அதாவது பத்து மாத்திரை அட்டையில் 168.

பட்டியலில் கம்பெனிப் பெயர் எழுதாமல் மருந்தின் பெயரையே எழுத வேண்டும். எந்தெந்த மருந்தை வைத்துக்கொள்வது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலும், 384 மருந்துகள் கொண்ட 2022ஆம் ஆண்டின் இந்தியத் தேசியப் பட்டியலும் அடிப்படை. கிராமக் கிளினிக்குக்கு அதில் ஒரு சிறு பகுதி போதும். ஒரே வேலையைச் செய்யும் மூன்று மருந்துகளை வைத்திருப்பது வசதிபோலத் தெரியும். உண்மையில் மூன்றும் காலாவதியாகும்.

சரக்கு வந்ததும்

பெட்டியைப் பிரித்ததும் ரசீதோடு ஒப்பிட வேண்டியவை: மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, பேட்ச் எண், காலாவதி தேதி, எண்ணிக்கை. பெயர் சரியாக இருந்து அளவு மாறியிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 500 கேட்ட இடத்தில் 850 வந்திருக்கும். அட்டையின் நிறம் மாறியிருக்காது. காலாவதியில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை பயன்படுத்தலாம்.

அலமாரியில் முதலில் காலாவதியாகும் சரக்கு முன்னால் நிற்க வேண்டும், புதியது பின்னால். பெரும்பாலான மாத்திரைகளுக்கு 30 டிகிரி செல்சியஸ் மேல்வரம்பு. வேலூர் வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உள்ள அறை சித்திரையில் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும் என்பதால், சுவரில் ஒரு வெப்பமானி மாட்டிக் காலையும் மாலையும் எழுதிவைக்க வேண்டும். பெட்டிகளைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது; ஈரம் ஏறும். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அந்த மாத்திரை ஈரத்தில் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தேதி பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

எண்ணும் மேசை

இங்கு ஒரே ஒரு விதி மற்றெல்லாவற்றையும்விடப் பெரியது: மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டுமே இருக்க வேண்டும். ஒரு டப்பா, அதற்குரிய சீட்டுகள், வெற்றுக் கவர்கள், எண்ணும் தட்டு, அவ்வளவுதான். அடுத்த மருந்தின் டப்பா பக்கத்தில் காத்திருக்கக்கூட இடம் கிடையாது. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்து இருவர் ஒரே மேசையில் இரண்டு வெள்ளை மாத்திரைகளை எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் கலப்பு நடக்கிறது. ஒரு மருந்து முடிந்ததும் மிஞ்சிய சீட்டுகளைக் கிழித்துப்போட்டு, தட்டைத் துடைத்து, மேசைக்கு அடியில் ஏதும் உருண்டு கிடக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த டப்பா வரலாம். தரையில் விழுந்த மாத்திரை குப்பைக்குத்தான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். மாத்திரையை விரலால் தொடக்கூடாது. தட்டில் கொஞ்சம் கொட்டி, தட்டைக்கரண்டியால் ஐந்தைந்தாகப் பள்ளத்துக்குத் தள்ளுவது முறை. அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகைகளுக்கும் சல்ஃபா மருந்துகளுக்கும் தனித் தட்டு வேண்டும். ஒட்டிய தூள்கூட ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தாகலாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இந்த மேசைக்கே வரக்கூடாது. தினம் ஒன்று என்று யாராவது எழுதிவிட்டால் உயிர் போகும். அதை மருந்தாளுநரே, நோயாளியின் பெயர் பார்த்து, அட்டையோடு கொடுக்க வேண்டும்.

எண்ணி முடித்ததும் கணக்கு நேராக வேண்டும். 1,000 பாராசிட்டமால் உள்ள டப்பா, கவருக்கு 15 என்றால், 66 கவர் நிறைந்து 10 மாத்திரை மிஞ்சும். மிச்சம் 11 இருந்தால் ஏதோ ஒரு கவரில் 14 இருக்கிறது. 9 இருந்தால் ஒன்றில் 16. எந்தக் கவர் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் பிரித்து எண்ண வேண்டியதுதான். சலிப்பான வேலை. பாராசிட்டமாலில் ஒன்று கூடினால் என்ன என்று விடுபவர் நாளை வலிப்பு மருந்திலும் அப்படியே விடுவார்.

எல்லா மருந்தையும் அட்டையிலிருந்து பிரிக்கலாம் என்பதில்லை. அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, சோடியம் வால்ப்ரோயேட் ஆகியவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். நிஃபெடிபின் வெளிச்சத்தில் கெடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் கிளிசெரில் டிரைநைட்ரேட் கண்ணாடிப் பாட்டிலை விட்டு வெளியே வரவே கூடாது. அதன் வீரியம் பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் இறங்கிப் போய்விடும். இவற்றை அட்டையோடு அல்லது பாட்டிலோடு கொடுக்க வேண்டும்.

அட்டையை வெட்டும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு. பல அட்டைகளில் பேட்ச் எண்ணும் காலாவதியும் ஒரு முனையில் மட்டுமே அச்சாகியிருக்கும். எழுத்தில்லாத முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் கையில் மிஞ்சும் துண்டில் தேதி இருக்கும். தலைகீழாக வெட்டினால், ஐந்து மாத்திரைத் துண்டு ஒன்று என்ன மருந்து, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாமல் டிராயரில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் துண்டைப் பயன்படுத்தவே கூடாது.

சீட்டு

கவரின் மேல் மருந்தின் பெயர், மி.கி. அளவு, எண்ணிக்கை, சாப்பிடும் முறை, பேட்ச் எண், கட்டிய தேதி, காலாவதி, கட்டியவர், சரிபார்த்தவர் கையெழுத்து, கிளினிக்கின் பெயர் இருக்க வேண்டும். நோயாளியின் பெயருக்கான கோடு காலியாக இருக்கும். அதைச் சன்னலில் எழுதுவார்கள். டப்பாவிலிருந்து கவருக்கு மாறிய மாத்திரைக்கு டப்பாவின் தேதி பொருந்தாது. கட்டியதிலிருந்து ஆறு மாதம் அல்லது டப்பாவின் தேதி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைக் காலாவதியாக எழுதுவது பல மருத்துவமனைகளின் பழக்கம்.

அளவை எழுதும்போது 5 என்பதை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும். அரை என்பதை .5 என்றும் எழுதக்கூடாது, முன்னால் சுழியம் வேண்டும். மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் இரண்டையும் மெட் என்று சுருக்கும் பழக்கம் உள்ள இடத்தில், சர்க்கரைக்காரர் வயிற்றுப்போக்கு மருந்தோடு வீட்டுக்குப் போவார். பெயரை முழுதாக எழுத வேண்டும். பெட்டியில் இவை இரண்டும் அடுத்தடுத்த அறையில் இருக்கக்கூடாது.

1–0–1 என்ற குறி மருத்துவமனைக்காரர்களுக்குப் பழகியது. படிக்காத பாட்டிக்கு அது எண் மட்டுமே. உதிக்கும் சூரியன், உச்சி வெயில், பிறை நிலா என மூன்று படங்களை ரப்பர் ஸ்டாம்பில் செய்து, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போட்டால் போதும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு நிறைந்த தட்டும் காலித் தட்டும் வரைவது உண்டு. ஆனால் காலித் தட்டு சாப்பிட்டு முடித்ததையா, இன்னும் சாப்பிடாததையா குறிக்கிறது என்ற குழப்பம் வரும். அதை வாயால் சொல்வதே நல்லது. இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுக்கும், ரிஃபாம்பிசினில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் சாராயம் கூடாது என்பவற்றைத் தமிழில் ஒரு வரியாக அச்சடித்து ஒட்டிவிடலாம். இந்த ஒரு வரி இல்லாமல் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியவர்கள் எல்லாக் கிராமத்திலும் இருப்பார்கள்.

பொடி, களிம்பு, கைத்திரவம்

குழந்தைகளுக்கான பொடி சிரப்பை முதல் நாளே கரைத்து எடுத்துப் போகக்கூடாது. கரைத்த அமாக்ஸிசிலின் ஏழு நாட்களுக்குத்தான் தாங்கும். பாட்டிலைப் பொடியாகவே எடுத்துப்போய்த் தாயின் கண்முன் கரைக்க வேண்டும். முதலில் பாட்டிலைத் தட்டி அடியில் இறுகிய பொடியைத் தளர்த்தி, கொதிக்கவைத்து நன்றாக ஆறிய நீரில் பாதியை ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடுவரை நிரப்பி மீண்டும் குலுக்கிக் கரைத்த தேதியை எழுத வேண்டும். வீட்டுக் கரண்டி ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் அளவு மூடி இல்லாத பாட்டிலை வாங்கவே கூடாது.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்திலும் இதே கவனம் தேவை. 20.5 கிராம் உள்ளது ஒரு லிட்டர் நீருக்கு. 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடைகளில் உண்டு. ஒரு பெட்டியில் இரண்டு வகையும் இருந்தால் பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்கு அளவு மீறிய உப்பைக் கொடுத்துவிடுவார்கள். ஒரே வகையை மட்டும் வைத்து, எத்தனை நீர் என்பதைப் பொட்டலத்தின் மேல் தடித்த பேனாவால் எழுத வேண்டும்.

மருத்துவமனையிலேயே தயாரிக்கும் பழக்கம் இன்னும் சில பொருட்களில் இருக்கிறது. படர்தாமரைக்கான விட்ஃபீல்டு களிம்பு அதில் ஒன்று. ஒரு கிலோவுக்கு பென்சாயிக் அமிலம் 60 கிராம், சாலிசிலிக் அமிலம் 30 கிராம், களிம்பு அடிப்படை 910 கிராம். இரண்டு அமிலத்தையும் கல்வத்தில் தனித்தனியே நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். முகக்கவசம் இல்லாவிட்டால் தும்மல் நிற்காது. சலித்த தூளைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, சிறிதளவு அடிப்படையோடு தேய்த்துத் தேய்த்து விரலுக்கு மணல் தட்டாத பதம் வந்ததும், அதற்குச் சமமான அளவு அடிப்படையைச் சேர்த்துக் கலக்க வேண்டும். பிறகு அந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால்தான் மருந்து எங்கும் ஒரே சீராகப் பரவும். 910 கிராமையும் ஒரே முறையில் கொட்டிக் கிளறினால் ஒரு டப்பியில் வெறும் மெழுகும் இன்னொன்றில் தோலை எரிக்கும் அமிலமும் போகும்.

கைக்குத் தேய்க்கும் திரவத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் இரண்டாம் கலவை இங்கே வசதி. எத்தனாலுக்குக் கலால் அனுமதி தேவைப்படும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அந்த அலைச்சல் இல்லை. பத்து லிட்டருக்கு 99.8 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 7,515 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரால் 145 மி.லி. இந்த வரிசையில் ஊற்றி, கிளிசரால் ஒட்டிய அளவுக் குடுவையை நீரால் அலசிச் சேர்த்து, கொதித்து ஆறிய நீரால் பத்து லிட்டர் குறிவரை நிரப்பி, உடனே மூடிக் குலுக்க வேண்டும். பாட்டில்களில் ஊற்றியபின் 72 மணி நேரம் தொடாமல் வைப்பது பாட்டிலிலும் கலவையிலும் உள்ள வித்துக்கிருமிகள் சாவதற்கு. தீப்பற்றும் பொருள், பக்கத்து அறையில்கூட அடுப்பு எரியக்கூடாது.

பெட்டி கட்டுதல்

கட்டியவரே சரிபார்ப்பது சரிபார்ப்பாகாது. இன்னொருவர் ஒவ்வொரு மருந்திலும் சில கவர்களைத் திறந்து, டப்பாவில் உள்ள மாத்திரையோடு நிறம், வடிவம், எழுத்து ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்த பிறகே பெட்டி மூடப்படலாம்.

தகரப் பெட்டிக்குள் மருந்துகளை அகரவரிசையில் அடுக்கினால் ஒலி ஒத்த பெயர்கள் பக்கத்தில் வந்து சேரும். நோய்வாரியாக அடுக்குவது பாதுகாப்பானது. மூடியின் உட்புறம் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும். அவசர மருந்துத் தட்டு தனி: அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன், ஃபெனிராமின், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், சிரிஞ்சு, டிரிப் செட். இது எப்போதும் மேலே, பூட்டில்லாமல், கை எட்டும் இடத்தில். டயஸபாம் போன்றவை பூட்டிய சிறு பெட்டியில், தனிக் கணக்கோடு.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் போக வேண்டும். உறைந்தால் வீண். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைத்தால் அதைத் தொட்ட குப்பி உறைந்துவிடும். குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்கும்வரை பேக்கை வெளியே வைத்திருந்து, குப்பிகளைத் துணியிலோ அட்டையிலோ சுற்றி வைக்க வேண்டும். இன்சுலினில் இதைவிடப் பெரிய ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. இந்தியாவில் 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் விற்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கும், ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100க்கும் உரியவை. மாற்றிக் கொடுத்தால் நோயாளி இரண்டரை மடங்கு அதிகமாகவோ அதே விகிதத்தில் குறைவாகவோ போட்டுக்கொள்வார். குப்பியையும் அதற்குரிய சிரிஞ்சையும் ஒரே கவரில் சேர்த்துக் கட்டுவதைவிட எளிய காப்பு இல்லை.

திரும்பி வந்தபின்

எடுத்துப்போனது, கொடுத்தது, மீந்தது மூன்றும் அன்றே ஒத்துப்போக வேண்டும். நோயாளியின் கைக்குப் போய்த் திரும்பிய கவரை மீண்டும் அடுக்கக்கூடாது. அது எங்கே எப்படி இருந்தது என்று தெரியாது. சன்னலில் கண்டுபிடித்த எண்ணிக்கைப் பிழை, சீட்டுப் பிழை ஆகியவற்றை யார் செய்தது என்று தேடாமல் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், மூன்றே மாதத்தில் எந்த மருந்தில், எந்த நேரத்தில் தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

காலாவதியானவற்றைக் கழிப்பறையிலோ குழியிலோ போடக்கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிப்படி அவை மஞ்சள் பையில் போய் எரிக்கப்பட வேண்டியவை.

மிஷன் மருத்துவமனைகளில் இந்தப் பையை அதிகம் நிரப்புவது நன்கொடை மருந்துதான். வெளிநாட்டு மொழியில் சீட்டு ஒட்டியவை, டாக்டர்களுக்குக் கிடைத்த சாம்பிள்கள், யாரோ பாதி சாப்பிட்ட பாட்டில்கள் என மூட்டை மூட்டையாக வரும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் நேரத்தில் நூறு கவர் கட்டிவிடலாம். மருந்து தானத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 1996இலேயே வந்துவிட்டது. கேட்ட மருந்தையே அனுப்ப வேண்டும், வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதி மீதி இருக்க வேண்டும், நோயாளி திருப்பிக் கொடுத்ததும் சாம்பிளும் கூடாது என்கிறது அது. மருந்து கொடுத்து உதவ நினைப்பவர்கள் முதலில் அந்த மருத்துவமனையின் மருந்தாளுநரிடம் பட்டியல் கேட்டு வாங்கி, அதில் உள்ளதை மட்டும் அனுப்ப வேண்டும். முடியாதவர்கள் பணமாகவே கொடுத்துவிடலாம்.